பெரியப்பாவின் கம்ப்யூட்டரும் நான்கு கோடி இலக்கப் பகா எண்ணும்

"தம்பி, நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு. கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுப்பா."

பெரியப்பா போனில் இப்படிச் சொன்னபோது அவர் கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய முதல் கம்ப்யூட்டர். குடும்பத்தின் பழைய போட்டோக்களை உறவினர்களிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, யார் யார் என்று பெயர் எழுதிச் சேமித்துக் கொண்டிருந்தார். சில நாட்களாகப் படங்களைத் திறந்தால் பாதிப் படம்தான் வந்தது. மீதி சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது. வேர்டில் அடித்த வம்சாவளிப் பட்டியல் ஒருநாள் திறக்கவே இல்லை. திடீர் திடீரென்று நீலத்திரை வேறு.

விற்ற கடைக்காரர் வந்து பார்த்தார். "வைரஸ் சார், பார்மட் பண்ணிடலாம்" என்றார். பண்ணினார். பத்து நாளில் அதே கதை. மறுபடி பார்மட். மூன்றாவது முறை வந்தபோது, "நீங்க கண்ட கண்ட சைட்டுக்குப் போறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு பெரியப்பா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. துணி போட்டு மூடி வைத்துவிட்டார்.

நான் ஊருக்குப் போனபோது ஒரு சின்ன புரோகிராமை அதில் ஓட்டினேன். கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக எழுதப்பட்டது அல்ல அது. உலகிலேயே மிகப் பெரிய பகா எண்ணைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. பெரியப்பா மீது தப்பில்லை என்பதை அதுதான் காட்டிக் கொடுத்தது.

பகா எண்ணுக்கும் கெட்டுப்போன போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்வதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய எண்?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். இதற்கு முடிவே கிடையாது என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். அதனால் "கடைசிப் பகா எண்" என்று ஒன்றில்லை. "இதுவரை நாம் கண்டுபிடித்ததில் பெரியது" என்று மட்டுமே சொல்ல முடியும்.

அப்படி 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண் இது: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதாவது 2-ஐ 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 முறை எழுதிப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். வரும் விடையில் 4,10,24,320 இலக்கங்கள். 8816943275 என்று தொடங்கி 551 என்று முடிகிறது.

நொடிக்கு ஓர் இலக்கம் வீதம் இரவு பகல் பாராமல் வாசித்தால் 475 நாள் ஆகும். பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சடித்தால் 13,600 பக்கங்களைத் தாண்டும். ஆனால் நோட்பேட் பைலாகச் சேமித்தால் சுமார் 41 எம்.பி.தான். உங்கள் செல்போனில் எடுத்த ஒரு சின்ன வீடியோ அளவு!

எல்லாம் ஒன்றுகள்

கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற இரண்டை மட்டும் வைத்து எழுதும் என்று படித்திருப்பீர்கள். கால்குலேட்டரை "புரோகிராமர்" முறைக்கு மாற்றி 7 என்று தட்டுங்கள். பைனரி வரிசையில் 111 தெரியும். 31 தட்டினால் 11111. 127 தட்டினால் 1111111. இவை மூன்றும் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் (2³ − 1, 2⁵ − 1, 2⁷ − 1). மூன்றும் பகா எண்கள்.

நம் பெரிய எண்ணும் இதே ஜாதிதான். பைனரியில் எழுதினால் 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட பகா எண்களுக்கு "மெர்சென் பகா எண்கள்" என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த மாரன் மெர்சென் என்ற பாதிரியாரின் பெயர் அது. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் இது 52-வது.

இவற்றில் ஒன்றை உங்கள் கம்ப்யூட்டர் தினமும் பயன்படுத்துகிறது. 2³¹ − 1 = 214,74,83,647. இது பகா எண் என்று 1772-ல் ஆய்லர் காட்டினார். 32 பிட்டுகளில் குறியுடன் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவேதான். 1970 ஜனவரி 1-ல் இருந்து நொடிகளை இந்த முறையில் எண்ணி வரும் பழைய புரோகிராம்களில் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இடம் தீர்ந்துவிடும். "2038 பிரச்சினை" என்று கேள்விப்பட்டிருந்தால், அது இந்த எண்தான்.

இன்னொரு விசேஷம். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு "நிறைவெண்"ணைத் தரும். 7-ஐ எடுத்துக்கொண்டு 4-ஆல் பெருக்கினால் 28. 28-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 4, 7, 14. கூட்டிப் பாருங்கள்: 28! இதேபோல 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496, அதுவும் நிறைவெண். நம் பெரிய எண் தரும் நிறைவெண்ணுக்கு 8,20,48,640 இலக்கங்கள்.

ஒன்றுகளாகவே இருக்கும் எல்லா எண்களும் பகா எண்கள் ஆகிவிடாது. 2¹¹ − 1 = 2047. பார்த்தால் பகா எண் போலிருக்கும். ஆனால் 23 × 89 = 2047. இங்கே ஒரு ரகசியம் உண்டு. அடுக்கு 11 அல்லவா? அதன் இருமடங்கு 22. 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்தால் இரண்டிலும் மீதி 1. ஒற்றைப்படைப் பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் எண்ணின் வகுஎண்கள் எல்லாமே இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. அதனால் தேடுகிற கம்ப்யூட்டர் எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காது; விதிக்குப் பொருந்துபவற்றை மட்டும் முயன்று, வகுபட்டால் உடனே ஒதுக்கிவிடும்.

கால்குலேட்டரில் நீங்களே சோதிக்கலாம்

வகுபடாமல் தப்பிய எண்ணை என்ன செய்வது? அதற்கு ஓர் அற்புதமான சோதனை இருக்கிறது. பிரான்ஸின் எத்வார் லூகாஸ் 1870-களில் கண்டுபிடித்து, அமெரிக்காவின் டி.எச். லேமர் 1930-ல் செம்மைப்படுத்தியது. 127-க்குச் செய்து பார்ப்போம்.

4 என்ற எண்ணில் தொடங்குங்கள். விதி ஒன்றே ஒன்று: அதை அதாலேயே பெருக்கி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்தால் வரும் மீதியை எடுத்துக் கொள்ளுங்கள். (சயின்டிபிக் கால்குலேட்டரில் "மாட்" பட்டன் மீதியைத் தரும்.) அடுக்கு 7 என்பதால் 7 − 2 = 5 முறை செய்ய வேண்டும்.

முதல் முறை: 4 × 4 − 2 = 14.
இரண்டாம் முறை: 14 × 14 − 2 = 194; மீதி 67.
மூன்றாம் முறை: 67 × 67 − 2 = 4487; மீதி 42.
நான்காம் முறை: 42 × 42 − 2 = 1762; மீதி 111.
ஐந்தாம் முறை: 111 × 111 − 2 = 12319; மீதி 0.

கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை. அவ்வளவுதான்! 2047-க்கு ஒன்பது முறை செய்து பாருங்கள். கடைசியில் 1736 வரும். பூஜ்யம் இல்லை, எனவே பகா எண் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேலே இரண்டாம் முறையில் 67 என்பதற்குப் பதிலாகக் கைதவறி 66 என்று எழுதிவிட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சரியாகவே செய்யுங்கள். 36, 24, 66 என்று போய் 66-ல் முடியும். "127 பகா எண் இல்லை" என்று நீங்கள் அறிவித்துவிடுவீர்கள்!

இந்தச் சோதனையில் "கிட்டத்தட்டச் சரி" என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவில் ஓர் இடத்தில் வந்த சிறு பிழையை அடுத்தடுத்த பெருக்கல்கள் வளர்த்துக்கொண்டே போகும். நம் பெரிய எண்ணுக்கு இதே விதியை 13,62,79,839 முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு கோடி இலக்க எண்ணை அதாலேயே பெருக்க வேண்டும். அத்தனையிலும் ஒரு பிட்கூடத் தவறக் கூடாது.

மனிதர்கள் செய்த பிழை

மெர்சென்னே தவறினார். 1644-ல் 257 வரையுள்ள அடுக்குகளில் எவை பகா எண்ணைத் தரும் என்று அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. பட்டியல் முழுமையாகத் திருத்தப்பட முந்நூறு ஆண்டுகள் ஆயின.

2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876-ல் லூகாஸ் காட்டினார். ஆனால் அதை எந்த எண் வகுக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1903-ல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் மேடையேறினார். ஒன்றும் பேசவில்லை. கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டார். மறுபக்கம் 19,37,07,721 என்ற எண்ணை 761838257287 என்ற எண்ணால் கையால் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றாக வந்தன. உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் எழுந்தது. அந்த எண்களைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன என்பார்கள். (19,37,07,721-ஐ 67-இன் இருமடங்கான 134-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 1!)

கம்ப்யூட்டர் கணக்கில் தவறுமா?

"மனிதன் தவறுவான், கம்ப்யூட்டர் தவறாது" என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். புரோகிராம் எழுதுவதே தொழிலாக இருக்கும் நானும் பிராசசர் சொல்லும் விடையைச் சந்தேகித்ததில்லை.

1994-ல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண் ஜோடிகளை வைத்துக் கணக்கு போட்டுக் கொண்டிருந்தார். அவருடைய புதிய பென்டியம் கம்ப்யூட்டர் வேறு விடை தந்தது. மாதக்கணக்கில் தன் புரோகிராமிலும் மற்ற பாகங்களிலும் பிழை தேடிவிட்டு, கடைசியில் பிராசசரின் வகுத்தல் பகுதியிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்டெல் நிறுவனம் சிப்புகளை மாற்றித் தர வேண்டியதாயிற்று. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

2016-ன் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு சம்பவம். ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் ஒரு குறிப்பிட்ட பகா எண் சோதனையின்போது அப்படியே உறைந்து நின்றன. இன்டெல் பிழையை ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட் மூலம் சரிசெய்தது. இரண்டு முறையும் பிழையைப் பிடித்துக் கொடுத்தது பகா எண் தேடல்தான்.

ஏன் பகா எண் சோதனையில் மட்டும் இப்படி மாட்டிக் கொள்கிறது? நான்கு கோடி இலக்கத்தை நாம் பள்ளியில் பெருக்குவது போலப் பெருக்கினால் யுகம் ஆகும். அதனால் எண்ணைத் துண்டுகளாக்கி, "பாஸ்ட் பூரியர் டிரான்ஸ்பார்ம்" என்ற குறுக்கு வழியில், தசமப் புள்ளி எண்களாகப் பெருக்குகிறார்கள். கடைசியில் விடை முழு எண்களாக வர வேண்டும். 25.0003 என்று வந்தால் 25 என்று எடுத்துக் கொள்ளலாம். 25.5 என்று வந்தால்? 25-ஆ, 26-ஆ? எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதோடு இந்த வேலை பிராசசரையும் ரேமையும் முழு வேகத்தில், ஓய்வில்லாமல், நாட்கணக்கில் ஓட்டுகிறது. பாட்டு கேட்கும்போதும் கடிதம் அடிக்கும்போதும் வெளியே தெரியாத பலவீனம் இதில் தெரிந்துவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களின் சாதனை

1996-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற புரோகிராமர் "பிரைம்95" என்ற சாப்ட்வேரை எழுதி இன்டர்நெட்டில் இலவசமாகக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் இறக்கிக் கொள்ளலாம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அது ஓர் எண்ணைச் சோதித்து முடிவை அனுப்பும். இந்தக் கூட்டு முயற்சிக்கு "ஜிம்ப்ஸ்" என்று பெயர்.

பலன் கிடைத்தது. 1998-ல் 19 வயதுக் கல்லூரி மாணவர் ரோலண்ட் கிளார்க்சன் 9 லட்சம் இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அவருடையது 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம்! 1999-ல் நயன் ஹஜ்ரத்வாலா என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டர் 20 லட்சம் இலக்கத்தைத் தாண்டி, பத்து லட்சம் இலக்கத்துக்கான 50,000 டாலர் பரிசை வென்றது. 2005-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கண் அறுவை மருத்துவர் ஒருவர். 2017-ல் கூரியர் நிறுவன ஊழியர் ஜோனதன் பேஸ். அவர் 14 ஆண்டுகள் பொறுமையாகத் தேடியவர்.

2015 செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஒன்று 2 கோடியே 23 லட்சம் இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தது. தகவல் சொல்லும் இமெயில் போகாததால் யாருக்கும் தெரியவில்லை. 2016 ஜனவரியில் வழக்கமான பராமரிப்பின்போதுதான் கவனித்தார்கள். மூன்று மாதத்துக்கு மேலாக உலகின் மிகப் பெரிய பகா எண் ஒரு கம்ப்யூட்டரில் சும்மா கிடந்தது!

2024-ல் கிடைத்த 52-வது எண் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. லூக் டுரான்ட் என்ற முன்னாள் என்விடியா ஊழியர் 17 நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் பிராசசர்களை ஓட்டினார். அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு பிராசசர் "பகா எண்ணாக இருக்கலாம்" என்றது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூகாஸ்–லேமர் சோதனையில் உறுதி செய்தது. அதன் பிறகும் வெவ்வேறு புரோகிராம்களில், வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் சரிபார்த்த பின்பே அக்டோபர் 21-ல் அறிவித்தார்கள்.

கவனியுங்கள். எந்தக் கம்ப்யூட்டர் சொன்னாலும் ஜிம்ப்ஸ் அப்படியே நம்புவதில்லை. முன்பெல்லாம் ஒரே எண்ணை இரண்டு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாகச் சோதித்து விடை ஒத்துப்போக வேண்டும். 2017-ல் ராபர்ட் கெர்பிச் என்பவர், கணக்கு நடக்கும்போதே பிழையைப் பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பிழை வந்தால் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தொடரலாம். 2020-க்குப் பிறகு, முடிவோடு சேர்த்து ஒரு "சான்று" பைலும் அனுப்பலாம். அதைச் சரிபார்க்க முழுக் கணக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான உழைப்பு போதும்.

பெரியப்பா வீட்டில்

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். பிரைம்95-ல் "டார்ச்சர் டெஸ்ட்" என்று ஒரு வசதி இருக்கிறது. சரியான விடை ஏற்கனவே தெரிந்த கணக்குகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்க்கும். பெரியப்பா வீட்டில் அதை ஓட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சிவப்பு நிற ஐகான் தெரிந்தது. ரவுண்டிங் அளவு 0.4-க்குள் இருக்க வேண்டியது, 0.5 ஆகிவிட்டது; ஹார்ட்வேர் பழுது என்ற செய்தி. நான் மேலே சொன்ன 25.5 விஷயம்தான்!

இது எந்தப் பாகம் பழுது என்று சொல்லாது. அதனால் அடுத்து "மெம்டெஸ்ட்86" என்ற ரேம் சோதனை புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு ஓட்டினேன். பிழைகள் வரிசையாக வந்தன. இரண்டு ரேம் கார்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது ஒரு பிழையும் இல்லை. கழற்றியதை மட்டும் போட்டபோது மறுபடியும் பிழைகள். அகப்பட்டுவிட்டது.

படங்களைக் காப்பி செய்யும்போது அவை ரேம் வழியாகத்தான் போகின்றன. ரேமில் ஒரு பிட் மாறினால் பைலிலும் மாறும். எத்தனை முறை பார்மட் செய்தாலும் அது சரியாகாது. உண்மையில் ஒவ்வொரு பார்மட்டுக்கும் முன் எடுத்த பேக்கப்பே கெட்ட ரேம் வழியாகப் போய்ப் புதிய படங்களைக் கெடுத்துக் கொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்போ நான் எதுவும் தப்பா அமுக்கலியா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியப்பா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. அதுதான் கணக்குல தப்பு பண்ணியிருக்கு."

சிறிது நேரம் அந்தச் சிவப்பு ஐகானையே பார்த்துக் கொண்டிருந்தார். "இதை அந்தக் கடைக்காரர்கிட்ட காட்டலாமா?" என்றார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தேன். வாரண்டியில் ரேம் மாற்றித் தந்தார்கள். கெட்டுப்போன படங்கள் திரும்பி வரவில்லை. ஒரிஜினல் போட்டோக்களைப் பெரியப்பா உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய் வாங்கி வந்து ஸ்கேன் செய்கிறார். ஆனால் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்துவிட்டார்.

நீங்களும் சோதிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வாரண்டி இருக்கும்போதே இதைச் செய்து பார்ப்பது நல்லது.

1. திறந்திருக்கும் பைல்களைச் சேமித்து மூடிவிடுங்கள். முக்கியமானவற்றின் நகல் வேறிடத்தில் இருக்கட்டும்.

2. ஜிம்ப்ஸின் சொந்த இணையதளமான மெர்சென் டாட் ஆர்க்கில் இருந்து மட்டும் பிரைம்95-ஐ இறக்குங்கள். ஜிப் பைலை விரித்து, புரோகிராமை இயக்குங்கள்.

3. முதலில் வரும் பெட்டியில் "ஜஸ்ட் ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்" என்பதைக் கிளிக் செய்யுங்கள். அடுத்து "பிளெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இது பிராசசர், ரேம் இரண்டையும் சோதிக்கும்.

4. பக்கத்திலேயே இருங்கள். பேன் சத்தமாகச் சுற்றும்; கம்ப்யூட்டர் சூடாகும். லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். வெப்பம் மிக அதிகமானால் "டெஸ்ட்" மெனுவில் "ஸ்டாப்" கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

5. ஓரிரு மணி நேரம் பிழையின்றி ஓடினால் நல்ல அறிகுறி. பிழை வந்தால் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு விற்றவரிடம் காட்டுங்கள்.

6. முடிந்ததும் மெனுவில் "எக்ஸிட்" கொடுங்கள். மேல் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அது கீழே ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

பகா எண் தேடலிலும் சேர விரும்பினால் "ஜாயின் ஜிம்ப்ஸ்" கொடுக்கலாம். ஓர் எண்ணை முடிக்க நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஆகும். மின்கட்டணம் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். அலுவலகக் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் ஓட்டவே கூடாது. பத்துக் கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் கண்டுபிடிப்பதற்கு 1,50,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால் பரிசை நம்பி இறங்குவது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம்.

"இவ்வளவு பெரிய எண்ணால் என்ன பயன்?" என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றும் இல்லை. பேங்க் இணையதளங்களைப் பாதுகாக்கும் ஆர்.எஸ்.ஏ. முறைக்குப் பகா எண்கள் தேவைதான். ஆனால் அவை பெரும்பாலும் சில நூறு இலக்கங்களே. தவிர அவை ரகசியமாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த எண் பூட்டுக்கு உதவாது. மெர்சென் பகா எண்களுக்கு முடிவு உண்டா இல்லையா என்பதுகூட இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஆனால் அதைத் தேடுவதற்காக, ஒரு பிட்கூடத் தவறாமல் கணக்கு போடும் வழியையும் தவறினால் கண்டுபிடிக்கும் வழியையும் உருவாக்க வேண்டியிருந்தது. அது இன்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த முறை உங்கள் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் உடனே "நான்தான் ஏதோ செய்துவிட்டேன்" என்று பயந்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள்.